இருதயத்துக்கு அரியர் கிடையாது

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். சொல்லும்போதும் எழுதும்போதும் எனக்கு வரிசை மாறிவிடும். வரிசை மாறியதால்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள், அதற்கு முன் மூன்று வருஷம் ஒரு கல்லூரியில் சேர்ந்து ஒரு நோயை முடித்திருக்க வேண்டும். மெயின் ஒரு நோய், அலைடு என்று துணைப் பாடமாக ஒரு நோய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் கல்லூரியில் தோல் மட்டும்தான். அரசுக் கல்லூரியில் வயிறும் குடலும் நன்றாக நடத்துவார்கள் என்று பெயர். மேட்டுக் கல்லூரியில் இருதயம். முக்கால்வாசி நாள் நோய் இருந்தால்தான் வருகைப் பதிவு. சுகமாக வருகிறவர்களை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள். தேறினால் நோய் போய்விடும். தேறாவிட்டால் அரியர். அதை எழுதி முடிக்கும்வரை நோய் கூடவே இருக்கும்.

தையல் கடை அல்போன்ஸ் மஞ்சள் காமாலையில் ஒரு பேப்பரை விட்டவர். முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறார். வெள்ளைத் துணியை யாரும் அவரிடம் தைக்கக் கொடுப்பதில்லை.

என் மகள் சுகிர்தா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். இருதயம்தான் வேண்டும் என்றாள்.

"தோல் எடேன்ட்டி. சொறிஞ்சுக்கிட்டே மூணு வருஷத்த முடிச்சிரலாம்" என்றேன்.

"தோல்ல படைன்னு போட்டா எந்த மெடிக்கல் காலேஜ்ல சீட்டு தருவான்? என்கூடப் படிச்ச ஆயிஷா ரெண்டு கிட்னியும் எடுக்கா. நான் உக்காந்து சொறியவா?"

நான் ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு அல்போன்ஸிடம் போனேன். அவர் மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"தேறிருவோம்னு நெனச்சு நோய் எடுக்கக் கூடாதுக்கா. தேறலன்னா எதோட இருக்க முடியுமோ அதத்தான் எடுக்கணும். என்னைப் பாருங்க. மஞ்சளா இருக்கேன். ஆனா இருக்கேன்."

"இருதயம்னா?"

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "இருதயத்துக்கு அரியர் கிடையாதுக்கா. கடைசிப் பேப்பர் அன்னைக்கு அட்டாக் ஒரே ஒரு தடவ வரும். எந்திரிச்சா பாஸ்."

விண்ணப்பத்தைத் தாயார் தன் கைப்பட நிரப்ப வேண்டும் என்பது விதி. சுகிர்தா தலையை வாரிக்கொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் விருப்பம் இருதயம் என்று அவள் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டுத் தோல் என்று எழுதினேன். பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதே நினைப்போடு மேலே இருந்த கட்டங்களுக்குப் போனேன். ரேஷன் கார்டு முதல் எந்த விண்ணப்பத்திலும் முதல் கட்டம் என்னுடையதுதான். பெயர் என்ற இடத்தில் முத்துச்செல்வி என்று எழுதி, என் பிறந்த தேதியையும் போட்டேன். அடுத்தது தாயார் பெயர். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று அச்சடித்திருந்தது. சுகிர்தா என்று எழுதினேன்.

ஆடி மாதம் கடிதம் வந்தது. முத்துச்செல்வி, மேட்டுக் கல்லூரி, மெயின் இருதயம், அலைடு தூக்கமின்மை.

சுகிர்தா அதை இரண்டு முறை வாசித்தாள். "உனக்குல்லா போயிருச்சு" என்றாள். பிறகு எனக்கு டிபன் பாக்ஸ் தேடினாள்.

கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்கிடம், "தோல்னுதான சார் எழுதினேன்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு நாப்பத்தாறு வயசு. நாப்பத்தஞ்சு தாண்டிட்டா இருதயத்துக்கு நேரடி அட்மிஷன்மா."

"நான் ஏழாவதுதான் சார்."

"டாக்டருக்குத்தான் பன்னெண்டாவது வேணும். நோய்க்கு ஏழாவது தாராளம்" என்றவர், சுகிர்தா பக்கம் திரும்பினார். "தாயார் நீங்கதான? இங்க கையெழுத்துப் போடுங்க. சான்றிதழ்ல பேர் இருக்கிறவங்க ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் மெடிக்கலுக்குப் போடலாம். இவங்க தேறணும், அவ்வளவுதான்."

வகுப்பில் நாற்பது பேர். பெயர் கூப்பிட்டால் இடது பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் வருஷம் படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரண்டாம் வருஷம் ஏறாமலே வாங்கியது. ஆனாலும் பெற்றோர் கூட்டத்திலிருந்து வந்த சுகிர்தா செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினாள்.

"போன மாசம் பன்னெண்டு நாள் வலியே இல்லையாம், மிஸ் சொல்லுதாங்க. வீட்ல உக்காந்து என்னதாம்மா பண்ணுத?"

"கீரை ஆஞ்சேன்."

"என் சீட்டு உன் நெஞ்சுலதான இருக்கு? கொஞ்சமாவது அக்கறை வேண்டாமா?"

அவள் கேட்டது நியாயம்தான். மறுநாளிலிருந்து தண்ணீர்த் தொட்டிப் படிகளில் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கினேன். வருகைப் பதிவு சரியாகிவிட்டது.

அந்த வருஷம் எங்களுக்கு மேல் வகுப்பில் இருந்தவர்கள் கடைசிப் பேப்பர் எழுதினார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். எழுந்திருக்காத பதினொரு பேரின் ஹால் டிக்கெட்டுகளை அவரவர் தாயார்கள் வந்து வாங்கிப் போனார்கள். வாங்கியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசை கேட் வரை நின்றது.

சுகிர்தா அந்த வரிசையில் நிற்பதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் அலைடு பேப்பரில் முதல் வகுப்பில் தேறினேன்.

சித்திரையில் எங்கள் முறை வந்தது. காலை பத்து மணிக்கு விடைத்தாள் கொடுத்தார்கள். கேள்வி எதுவும் கிடையாது. மேலே இரண்டு கட்டங்கள், கீழே வெள்ளையாக இருந்தது. கட்டங்களை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முன் பெஞ்சில் இருந்தவர் எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார்.

பெயர் என்ற கட்டத்தை வெகுநேரம் பார்த்தேன். ஒரு தடவை பெயர் மாற்றி எழுதியவளுக்கு இன்னொரு தடவை எழுதுவது கஷ்டமில்லை. வாசல் வளைவில் இருந்த கல்லூரியின் முழுப் பெயரையும், பக்கத்தில் அது தொடங்கிய வருஷத்தையும் எழுதினேன். தாயார் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. சுகிர்தா என்றே எழுதினேன்.

பதினொன்றே காலுக்கு வடக்குச் சுவர் ஒரு முறை இழுத்துக்கொண்டது. கரும்பலகை வியர்த்தது. பிறகு இடது பக்கக் கட்டடம் மெதுவாகத் தரையில் சாய்ந்தது. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, எங்களை வரிசையாக வெளியே அனுப்பினார். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேர்வை முடித்தார்கள். அந்த முறை ஒன்பது ஹால் டிக்கெட். கண்ணாடிப் பெட்டியும் ஒன்று கேட்பாரற்று இருந்தது.

எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. கல்லூரிக்கு வந்தது என்னுடையது என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று இப்போது வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

கல்லூரி எழுந்தால் பாஸ். தாயார் கட்டத்தில் பெயர் இருப்பதால் சுகிர்தா விண்ணப்பிக்கலாம். தினமும் காலையில் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போய், வாசல் படியில் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டு வருகிறாள். நேற்று கல்லூரி வலது பக்கம் திரும்பிப் படுத்ததாம். இன்று கஞ்சியில் உப்பைக் குறைக்கச் சொன்னாள். குறைத்துத்தான் போட்டேன்.