ஐந்து ஐம்பத்திரண்டு பஸ்

...ஐந்து ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, இனிக் கதவை மூடவேண்டியதுதான், மூடினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, மூடாவிட்டால்தான் குறை, ஆனால் இராஜரட்ணத்தின் கை கதவுப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அதற்குமேல் அசையமாட்டேன் என்கிறது, சொந்தக் கைதான், இத்தனை வருசமாகச் சோறு போட்ட கைதான், இருந்தாலும் சில நேரங்களில் சொல்வழி கேட்பதில்லை. வெளியே யூனியன்வில் ஸ்ரேசன் மேடை வெறுமையாகக் கிடக்கிறது, விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் பனி கொட்டுகிறது, ரவுணிலிருந்து ஐந்து நாற்பத்தாறுக்கு வரவேண்டிய ரயிலைக் காணவில்லை. முன் சீற்றில் பஸ் கொம்பனி இன்ஸ்பெக்டர் கொலின்ஸ், மடியில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு தாள், தாளின் தலையில் இராஜரட்ணத்தின் பெயர். பன்னிரண்டு வாரப் பயிற்சிக்காலத்தின் கடைசி ஓட்டம் இது, இன்றைக்குச் சரியாக ஓடினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் யூனிபோமைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடியும் பிறம்ரன் வேர்ஹவுசில் பெட்டி அடுக்கப் போகவேண்டும். பஸ்சைப் பிந்தி எடுத்ததற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தாயிற்று, இரண்டும் இதே ஸ்ரேசன், இதே ரயில். ரயில் வேறு கொம்பனி, நாங்கள் வேறு கொம்பனி, அவர்கள் பிந்தினால் அது அவர்கள் பாடு என்று கொலின்ஸ் பொறுமையாகத்தான் சொன்னார், நல்ல மனிதர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இரண்டு தரம் சொன்னார், தலையை ஆட்டிவிட்டு வந்த இராஜரட்ணம் மற்றக் கிழமையே மறுபடியும் நின்றான்.

காலையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் தரும்போது மனைவி யோகமலர் சொன்னாள், "இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒருத்தருக்காகவும் நிக்காதேங்கோ. நேரம் வந்தா கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ." பஸ் ஓட்டுகிறவனுக்குச் சொல்லுகிற புத்தியைப் பார் என்று சிரிக்கத்தான் வந்தது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் நேரே மார்க்கம் ரோட்டு மதகுக்குள்தான் போய் நிற்பேன் என்று சொல்லவும் வந்தது, சொல்லவில்லை, அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வேர்ஹவுசில் நாரி பிடித்து நிமிரமுடியாமல்போய் அவன் கட்டிலில் கிடந்த இரண்டு மாசத்தையும் அவள்தான் தனியே இழுத்தாள், அவள் பயப்படுவதில் என்ன பிழை. நிக்காதேங்கோ என்று நீயா சொல்கிறாய் மலர், அன்றைக்கு ஒரு பஸ் நின்றதாலேதானே... அதையும் கேட்கவில்லை. ஐந்து ஐம்பத்து மூன்று. கொலின்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்க்கிறார், பேனை இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அது பையில் இருக்கும்வரை உயிர் இருக்கிறது.

வேறு கொம்பனி, வேறு கொம்பனி என்றால் இவனுடைய மண்டைக்குள் ஏன் இறங்குவதில்லை, இங்கே வருமுன் இருந்த ஜேர்மனியில் இவன் கண்டது ஒரே கொம்பனியைத்தான், அதுதான் காரணமாக இருக்கும். அவர்கள் இருந்த மாநிலத்து அரசாங்கத்துக்குச் சொந்தமான கொம்பனி, வயல்களுக்கு நடுவே ஒற்றைப் பெட்டி ரயிலையும் அதுவே ஓட்டும், ரயில் போகாத ஊர்களுக்குப் பஸ்சையும் அதுவே ஓட்டும், இரண்டுக்கும் ஒரே சிவப்பு, ஒரே ரிக்கற், ரயில் சாரதியும் பஸ் சாரதியும் ஒரே மேசையில் இருந்து பாண் தின்பார்கள். ரயில் பிந்தினால் பஸ் நிற்கும். யாரும் யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை, ரயிலில் ரிக்கற் பார்க்கிறவர் வயர்லெசில் ஒரு வார்த்தை சொல்லுவார், உனக்கு மூன்று பேர் வருகிறார்கள் என்று, அவ்வளவுதான், பஸ் வாசலைத் திறந்தபடி நின்றுகொண்டிருக்கும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு அந்தக் குக்கிராமத்து விடுதியில் வேலையும் இல்லாமல் மொழியும் இல்லாமல் இருந்த நாட்களில், தங்களுக்காக அந்த நாட்டில் ஏதாவது ஒன்று நின்றது என்றால் அந்த பஸ் ஒன்றுதான்...

எண்பத்தாறு கார்த்திகை, சனிக்கிழமை. விடியவே யோகமலருக்கு வலி தொடங்கி அம்புலன்ஸ் வந்தது, அவனை ஏறவேண்டாம் என்றார்களா, பிறகு வா என்றார்களா, ஒன்றும் விளங்கவில்லை, கதவு மூடிப் போய்விட்டது. ஒற்றைப் பெட்டி ரயிலைப் பிடித்தான், பாதி வழியில் தண்டவாளத்தில் மரக்கொப்பு விழுந்து ரயில் நின்றது, அந்த ரயிலைப் பார்த்து ஆஸ்பத்திரி இருந்த ஊருக்குப் போகிற பஸ்தான் அன்றைக்குக் கடைசி, அதற்குப் பிறகு திங்கட்கிழமைதான், நடந்தால் பதினாலு கிலோமீற்றர். ரிக்கற் பார்க்கிறவரிடம் வயிற்றைக் காட்டி, பிள்ளையைத் தாலாட்டுவதுபோலக் கையை ஆட்டி, வெட்கமில்லாமல் அழுதுகொண்டு நின்றான். அவர் வயர்லெசை எடுத்தார். பதினொரு நிமிசம் பிந்திப் போய்ச் சேர்ந்தபோது ஸ்ரேசன் வாசலில் சிவப்பு பஸ் நின்றது, ஓல்ற்மான் என்கிற பருத்த மனிதர் ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார், வா வா என்று தலையை மட்டும் அசைத்தார், ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார். மேலே யோகமலர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கத்தியோடு ஒருவரும் கிட்ட வரக்கூடாது என்று தமிழில் கத்திக்கொண்டு கிடந்தாள், பிள்ளைக்குக் கொடி சுற்றியிருந்தது, வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும், அவள் சம்மதிக்காமல் முடியாது, டொக்டர்மார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இவன் போய் நெற்றியில் கையை வைத்து, ஓம் எண்டு சொல்லு மலர், நான் நிக்கிறன் என்ற பிறகுதான் அடங்கினாள். இருபது நிமிசத்தில் மகள் நிலாணி பிறந்தாள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் என்று டொக்டர் கையை விரித்துக் காட்டினார், அதற்கு மொழி தேவைப்படவில்லை. பிறகு வேலை செய்ய அனுமதி கிடைத்து அந்தக் கொம்பனியிலேயே பஸ் கழுவி, பஸ் ஓட்ட லைசென்சும் எடுத்து, ஒருநாள் ஓல்ற்மானின் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது அந்த மனிதர் ஒன்றும் விளங்காதவர்போலப் பார்த்தார், நேர அட்டவணையை விரித்து அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார், இந்த பஸ் ரயிலுக்காகக் காத்து நிற்கும். அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

"அண்ணை, எடுங்கோவன்." கண்ணாடியில் பார்க்கிறான், பின்னால் ஏழெட்டுப் பேர், அதில் மூன்றாவது சீற்றில் றெஜினா, பக்கத்து ஒவ்வீஸ் ஒன்றில் கிளீனிங் வேலை, ஒவ்வொரு நாளும் இந்த பஸ்சில்தான் வருவாள். "டேகெயார் ஆறேகாலுக்குப் பூட்டிப்போடுவாங்கள் அண்ணை. மாக்கஸ் தனிய நிப்பான்." மாக்கஸ் அவளுடைய மகன், நாலு வயது, அவள் வேலை முடியும்வரை அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில் இருப்பவன், ஒருநாள் இதே பஸ்சில் வந்து எல்லாக் கம்பியையும் நக்கிப் பார்த்தவன். "ஓம் பிள்ளை, இந்தா எடுக்கிறன்," என்கிறான், எடுக்கவில்லை. ஐந்து ஐம்பத்தைந்து. நிற்பவனுக்கு ஒரு நியாயம், போகிறவளுக்கு ஒரு நியாயம், அடுத்த பஸ் நாற்பது நிமிசம் கழித்துத்தான், வெளியே மைனஸ் பதினெட்டு, ரயிலால் இறங்குகிறவர்கள் நின்று விறைக்கவேண்டியதுதான்... ஆனால் மாக்கஸ் யாருடைய பிள்ளை, அவன் விறைத்தால் பரவாயில்லையா. ஓல்ற்மானுக்கு இந்தக் குழப்பம் இருந்திருக்காது, அவருக்கு அட்டவணையில் எழுதியிருந்தது, இவனுக்கு யார் எழுதித் தந்தார்கள். இன்னும் ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், அதற்குள் வெளிச்சம் தெரியாவிட்டால் கதவை மூடிவிடுவது, இது சத்தியம். ஐம்பத்தாறு. கொலின்ஸ் பேனையை எடுத்துவிட்டார்.

வெளிச்சம் தெரிகிறது. பனிக்குள்ளால் மஞ்சளாக ஒரு பொட்டு, பிறகு பெரிதாகி, ரயில் பெருமூச்சு விட்டு நிற்கிறது, ஆட்கள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு காருகளுக்குப் போகிறார்கள், எல்லாரும் காருக்குத்தானா, இவ்வளவும் எதற்கு... இல்லை, நாலு பேர் ஓடி வருகிறார்கள், கடைசியில் ஒரு சீனத்துப் பெண், கையில் கேக் பெட்டி, வழுக்கி வழுக்கி வருகிறாள், ஏறியதும் மூச்சுவாங்க அவனைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், முகமெல்லாம் நன்றி. கதவை மூடுகிறான். ஐந்து ஐம்பத்தொன்பது, ஏழு நிமிசம். "அவர்கள் வந்திருக்காவிட்டால் எவ்வளவு நேரம் நின்றிருப்பாய்?" என்று கொலின்ஸ் கேட்கிறார், குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே அறிய விரும்புகிறவர்போலத்தான் கேட்கிறார். தெரியாது, சேர், என்கிறான். அதுதான் உண்மை. அவர் எழுதுகிறார், ஒரு வரியில் முடியவில்லை, இரண்டாவது வரிக்கும் போகிறது, என்ன எழுதினாலும் எழுதட்டும், பஸ் ஸ்ரேசனை விட்டு ரோட்டுக்கு ஏறுகிறது.

சிவப்பு விளக்கில் நின்றபோது கண்ணாடியில் மறுபடியும் றெஜினாவின் முகம், கைக்கடிகாரத்தில் கண், உதடு அசைகிறது, செபமாக இருக்கலாம், திட்டாகவும் இருக்கலாம். அப்போதுதான் அவனுக்கு அது வருகிறது, எங்கிருந்து வந்தது, இத்தனை வருசமும் எங்கே இருந்தது... அந்தச் சிவப்பு பஸ்சுக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். வெறும் பஸ் இல்லை அது. சனிக்கிழமை மத்தியானம், சாமான் பைகளோடு, மடியில் முட்டைப் பெட்டியோடு, பதினொரு நிமிசம், அவர்களும் அல்லவா இருந்தார்கள், அவர்களில் ஒருத்திக்கும் எங்கேயோ ஒரு வாசலில் ஒரு பிள்ளை நின்றிருக்கும். ஓல்ற்மானுக்கு நன்றி சொன்னான், ரிக்கற் பார்த்தவருக்குச் சொன்னான், ஒவ்வொரு நத்தாருக்கும் வாழ்த்துக் கார்ட் போடுகிறான், நிலாணிக்குப் பிறந்தநாள் என்றால் இரண்டு பேரின் பெயரையும் சொல்லித்தான் கேக் வெட்டுவது, ஆனால் அந்த முகங்களில் ஒன்றைத்தானும் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தானா? பச்சைக் கோட்டோடு ஒருத்தி முன்னால் இருந்தாள், அவன் ஏறியபோது என்னவோ சொன்னாள், அன்பாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டினான், பத்து வருசமாக அதை அன்பாகவே வைத்திருக்கிறான், அது அன்புதானா, இல்லை... விளக்கு பச்சையாகிறது. நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல மைக்கை எடுத்தவன் அதைச் சொல்லாமல், பொறுத்திருந்த எல்லாருக்கும் நன்றி என்று இங்கிலீசில் சொல்கிறான், பிறகு, கொலின்ஸ் திரும்பிப் பார்ப்பது தெரிந்தும், தமிழிலும் சொல்கிறான், "நிண்டு பொறுத்ததுக்கு நன்றி பிள்ளை." றெஜினா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கிறாள், சிரிக்கவில்லை, மறுபடியும் மணிக்கூட்டைப் பார்க்கிறாள். டேகெயாருக்கு இன்னும் ஐந்து நிறுத்தம் இருக்கிறது, மணி ஆறு ஐந்து, பூட்டுவதற்குப் பத்து நிமிசம்.