ஓட்டைக் குழாய்

பிளம்பர் கொளஞ்சிநாதன் அன்று என்னிடம் சம்மதம் கேட்டாரா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டார், நீங்கள்தான் வாயே திறக்கவில்லை என்கிறாள் என் மனைவி ஜெயசெல்வி. அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். நான் பேசாமல் இருந்த நேரங்களையெல்லாம் கூட இருந்து பார்த்தவள் அவள்.

சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டினோம். மேலே செம்மண், இரண்டடிக்குக் கீழே களி. போன மழைக்குத் தோட்டத்தில் நின்ற தண்ணீர் மூன்று வாரம் வடியவில்லை. பாசியில் வழுக்கி ஜெயசெல்விக்குக் கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் பின்வாசல் படியை விட்டு அவள் இறங்கவில்லை.

"இந்த மழைக்கும் தண்ணி நின்னா நான் திருவதிகைக்கு, அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க குளத்தைப் பாத்துக்கிட்டு இருங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

புரட்டாசியில் கொளஞ்சிநாதனை அழைத்தேன். தோட்டத்துத் தண்ணீர் தெருச் சாக்கடைக்கு வடிய, மண்ணுக்குள் கனமான இரும்புக் குழாய் போடச் சொன்னேன்.

"இரும்பு வேணாம் சார், துருப்புடிச்சிப் பூடும். கறுப்பு நெளி பைப்பு இருக்குது, ஆனா அது அங்கங்க தொய்ஞ்சி சேறு கட்டிக்கும். வெள்ள பிவிசிதான் நேரா நிக்கும், வாட்டம் மாறாது" என்றார். அவர் வாட்டம் என்றது சரிவை. நாலங்குலக் குழாயின் அடிப்பக்கம் நெடுக இரண்டு வரிசையாகத் துளை போட்டுக் கொண்டுவந்தார்.

"ஓட்டை பைப்பா?" என்றேன்.

"மைன்ஸ்ல நீங்க தண்ணிய தள்ளிகினு இருந்தீங்க சார். இங்க தண்ணிய உள்ள கூப்புடணும். ஓட்டை இல்லாம எப்பிடி வரும்? போட்டுடலாமா?"

நான் பதில் சொல்லவில்லையாம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் பள்ளத்தில் குழாயை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து அந்தத் துளைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டூசி அளவுக் கசிவு என்றாலும் ஷிப்ட் முடியுமுன் அடைத்தாக வேண்டும், அப்படியே வாழ்ந்தவன். எழுந்துபோய்ப் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துவந்தேன். குழாயைப் புரட்டி, துளை வரிசைமேல் டியூபை வைத்து, அடிக்கொரு கம்பி முறுக்கினேன். குழாயைப் பழையபடி வைத்து ஜல்லியைத் தள்ளி மூடினேன்.

திரும்பி வந்த கொளஞ்சிநாதன் மூடிய பள்ளத்தைப் பார்த்துச் சிரித்தார். "கான்ட்ராக்ட் ஆளுக்கு வேல செஞ்சி குடுத்த மொத பர்மனென்ட் ஆளு நீங்கதான் சார்!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை. தோட்டத்தில் முழங்கால் வரை தண்ணீர். தெருச் சாக்கடை ஓரம் குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. ஜெயசெல்வி பரணிலிருந்து பையை இறக்கச் சொன்னாள். கொளஞ்சிநாதன் நனைந்துகொண்டே வந்து குழாய்வாயில் கையை விட்டுப் பார்த்தார்.

"வாட்டம் சரியாதான வச்சேன். எங்க தப்பு பண்ணன்னே தெரியலியே" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்க என்னால் முடியவில்லை.

"ஓட்டையெல்லாம் நான் அடைச்சிட்டேன்."

"ஏன் சார்?"

"ஓட்டையா இருந்துச்சு."

படியில் நின்றிருந்த ஜெயசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கொளஞ்சி, இவருக்கு இட்லித்தட்ட காட்டிடாதீங்க, அதையும் அடைச்சிடுவாரு!"

பையை நான் இறக்கவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு நானும் அவருமாக ஜல்லியைத் தோண்டினோம். நான் முறுக்கிய கம்பிகளை நானே வெட்டினேன்.

அடுத்த மழையில் குழாய்வாய் முதலில் கரகரத்தது. பிறகு கலங்கலாகக் கொட்டத் தொடங்கியது. மறுநாள் மாலை ஜெயசெல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு தோளை விட்டாள்.

இப்போது தோட்டத்தில் அவள் கத்தரி போட்டிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அவள் அக்காதான் இங்கே வந்தார். கொளஞ்சிநாதன் எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளுக்குக் குழாய் போட்டுவிட்டார். சாப்பிடப் போகும்போது வீட்டுக்காரரையும் கையோடு அழைத்துப்போகிறாராம். நான் முன்பைவிடக் கொஞ்சம் பேசுகிறேன்.