ஆறாவது குழியின் பிடிமண்

என் பெயர் மாது. எங்கள் பக்கத்தில் இது ஆண்பிள்ளைப் பெயர். கோயம்புத்தூரிலிருந்து வந்த சர்க்கார் காகிதம் ஒன்றில் 'ஸ்ரீமதி மாது' என்று எழுதியிருந்தார்கள். அதைக் காட்டிச் சிரிக்கலாம் என்று சுற்றிப் பார்த்தால் ஒரு மூங்கில் புதரும் நாலு குரங்கும்தான் இருந்தன. சித்தேரி மலையில் பாரஸ்ட் கார்டாக நான் இருந்த லட்சணம் அவ்வளவுதான்.

ஒற்றை அறை, தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. அரூருக்கு இறங்கிப் போக ஒரு பகல் நடக்கவேண்டும். வேலைக்கு வந்த புதிதில், 1940இல், என் மனைவி தீர்த்தம்மாள் கூடவே வந்தாள். பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டோலி கட்டி இறக்கினோம். அம்மா வீட்டுக்குப் போனவள் முதலில் மாதம் ஒரு கடிதம் போட்டாள், பிறகு தீபாவளிக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தாலாவது சமாதானம் பண்ணப் போயிருப்பேன். அவள் என்னை மறந்துதான் போனாள். அதற்கு என்ன செய்வது?

1942 மாசியில் ரேஞ்சர் ராஜப்பனிடமிருந்து உத்தரவு வந்தது. என் காட்டில் ஒரு சரிவு முழுக்க மணற்கல். அந்தச் சரிவில் ஆள் உயரத்துக்கு ஆறு குழி வெட்டவேண்டும். மேலிருந்து கீழாக மண் எப்படி மாறுகிறது, என்ன நிறம், கையில் பிடித்தால் நிற்கிறதா உதிர்கிறதா என்று எழுதி அனுப்பவேண்டும். பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்பதால் குழிகளை மூடக்கூடாது. எந்த மரம் நடலாம் என்று அதை வைத்துத் தீர்மானிப்பார்களாம்.

குழி வெட்டக் கரியனைக் கூட்டிக்கொண்டேன். மேலே ஏழெட்டு வீடுகள் உள்ள மலைக் குடியிருப்பில் இருந்தவன். நாற்பது வயது இருக்கும். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். கேட்டதற்கு, "சின்னப்பையல்ல அருவா தின்னுட்டுதுங்க" என்றான், ஏதோ அரிவாளுக்குப் பசி எடுத்தது போல.

முதல் குழியில் நான் ஒரு பிடி மண்ணை அள்ளித் துணிப்பையில் போட்டதும் அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"பிடிமண்ணுங்களா எடுக்கறீங்க?"

பிடிமண் என்றால் அவர்களுக்கு விளையாட்டு இல்லை. ஒரு இடத்துச் சாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் வைப்பார்கள். மண்ணோடு சாமியும் போய்விடும்.

"சாமியெல்லாம் இல்லடா. இது ஆபீசுக்கு."

"ஆபீசுக்குன்னு சாமிக்குத் தெரியுங்களா?" என்றான். தெரியாதுதான். அவன் குழியைப் பார்த்துக் கும்பிட்டு ஏதோ முணுமுணுத்த பிறகுதான் வேலை நடந்தது.

மணற்கல் சரிவு, மணல் மண்ணாகத்தான் இருக்கும் என்று நான் எழுதவே ஆரம்பித்துவிட்டேன். மேலே ஒரு சாண் அப்படித்தான் இருந்தது, சருகு மக்கிய சாம்பல் நிற மணல். அதற்குக் கீழே கடப்பாரை தொம் தொம்மென்று சத்தம் போட்டது. மஞ்சள் மண், செங்கல்லாக இறுகிக் கிடந்தது. அதில் விரல் நுழைகிற வெடிப்புகள். ஒரு முழத்துக்குக் கீழே சிவப்பு, நடுவில் சாம்பல் புள்ளிகள். தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் வெண்ணெயாக வழுக்கியது, கடைசியில்தான் மணல் நறநறவென்று விரலுக்குத் தட்டுப்பட்டது. முழுக் களிமண்.

"கல்லு மணலு, மண்ணு களி. அது எப்படிடா?" என்று கேட்டேன்.

கரியன் குழியின் அடியிலிருந்து உளுத்துப்போன கல் ஒன்றைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். மணல் பொலபொலவென்று கீழே உதிர்ந்தது. கையில் மஞ்சள் குழம்பு மட்டும் ஒட்டி நின்றது. "கல்லுக்குள்ளயே களி இருக்குதுங்க. மணல ஒட்ட வச்சதே அதானுங்க. மழை மேல இருந்து இதக் கழுவிக் கீழ எறக்கிட்டுது. மேல மணலு மினுக்கிக்கிட்டு நிக்குது."

இரண்டு மாதம் வெட்டினோம். மதியம் என் கேழ்வரகுக் களியில் அவனுக்குப் பாதி. "குழியிலயும் களி, சட்டியிலயும் களி" என்று நான் சொல்வேன், அவன் தினமும் புதிதாகக் கேட்பது போல் சிரிப்பான். பெரிய பேச்செல்லாம் கிடையாது. ஆனால் அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியாது.

ஆறாவது குழி முடிந்த அன்று ரேஞ்சரிடமிருந்து கடிதம். மணற்கல் என்றால் மணல் மண் என்று புத்தகத்திலேயே இருக்கிறது, உம்முடைய களிமண் கதை வேண்டாம், திருத்தி அனுப்பும் என்று இருந்தது. எனக்கு வந்தது பார் கோபம்! அந்த ஆறாவது குழியின் அடிமண்ணை நனைத்து நான் ஒரு பிடி பிடித்தேன், கரியனை ஒரு பிடி பிடிக்கச் சொன்னேன். விரல் தடம் அச்சாக நின்றது. இரண்டு உருண்டையையும் வெயிலில் காயவைத்தேன். ரேஞ்சர் வரும்போது மூக்குக்கு நேரே நீட்டி, மணல் இப்படி நிற்குமா என்று கேட்பதாக உத்தேசம். ரேஞ்சர் வரவில்லை. பெரிய அதிகாரியும் வரவில்லை. இரண்டு உருண்டையும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பாரமாக உட்கார்ந்துவிட்டன.

மறு வருஷம் தை மாதம் அசாமில் ரோடு போட ஆள் எடுக்கிறார்கள் என்று கரியன் கிளம்பினான். போகும்போது என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான். "மழைக்குக் கொடை ஒன்னு வாங்கியாறட்டுங்களா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன்.

அடுத்த தையில் அவனோடு போன அரூர் மாரியப்பன் மட்டும் திரும்பி வந்தான். மழைக்காலத்தில் முகாமில் காய்ச்சல், ஒரே வாரத்தில் முப்பது பேர், எல்லாரையும் ஒரே குழியில் போட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்துக் கரியனின் மனைவி சின்னக்கா என் அறைக்கு வந்தாள். அழவில்லை. அந்தக் குடியிருப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியூரில் செத்தவனுக்கு உடம்பு வரவேண்டும், இல்லாவிட்டால் அவன் கிடக்கிற இடத்துப் பிடிமண் வரவேண்டும். அதைப் புதைத்தால்தான் சாவு சாவாகும். அதுவரை பெண்டாட்டிக்கு அழக்கூட உரிமை இல்லை. அவன் கொல்லையில் விதை போடக்கூடாது, பக்கத்து வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. கரியனின் அண்ணன் மல்லையன் அதில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

"நீங்க சர்க்காரு ஆளுங்க. ஒரு பிடி மண்ணு எழுதிக் கேளுங்க கார்டய்யா. ஒரே ஒரு பிடி" என்றாள்.

எழுதினேன். அசாமில் யாருக்கு எழுதுவது என்று யாருக்குத் தெரியும்? ரோடு ஆபீசுக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று, ரேஞ்சர் மூலமாக ஒன்று. சண்டை நடக்கிற சீமையிலிருந்து ஒரு பிடி மண் கேட்டு மூன்று மனு. ஒன்றுக்கும் பதில் இல்லை. வாரா வாரம் அவள் வந்தாள். வந்து வாசலில் நிற்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் ஒரு ஈனக் காரியம் செய்தேன்.

பங்குனியில் லீவில் எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் போனபோது என் அண்ணன் வயலில் ஒரு பிடி மண் எடுத்தேன். காக்கிக் காகிதத்தில் மடித்து, அரக்கு வைத்து, மலைக்குக் கொண்டுவந்து, "அசாம்ல இருந்து தபால்ல வந்தது" என்று அவள் கையில் கொடுத்தேன்.

அவள் கும்பிட்டு வாங்கினாள். அங்கேயே பிரித்தாள். ஒரு பிடி அள்ளி இறுக்கினாள், கையைத் திறந்தாள். மண் உதிர்ந்து போயிற்று. விரலால் கிளறி ஒரு துணுக்கை எடுத்து என் பக்கம் நீட்டினாள். கேழ்வரகு உமி.

"அசாமுல கேவுரு வெளையுதுங்களா?"

நான் கீழே விழுந்த அரக்குத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"எருவு வாசன அடிக்குது. யாரு வூட்டு வயலுங்க இது?" என்றாள். காகிதத்தை மறுபடி மடித்து என் மேசையில் வைத்தாள். "நான் இதப் பொதச்சுட்டு அழுதிருந்தா, யாருக்குங்க அழுதிருப்பேன்?"

போய்விட்டாள். அதன்பிறகு வரவில்லை. அவள் மட்டுமல்ல, மேலே இருந்து யாருமே என் அறைப் பக்கம் வரவில்லை. தேன் கொண்டுவருகிறவன் சுற்றுப்பாதையில் போனான். நான் எதிரே போனால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் சமைக்கும்போது சட்டியைத் திட்டினேன், என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதாகக் கேட்டது. பயமாக இருந்தது.

ஆடிக் காற்று ஆரம்பித்தது. நாலாவது மனு எழுத உட்கார்ந்தேன், எழுதி என்ன ஆகப்போகிறது என்ற எரிச்சலோடுதான். காகிதம் படபடத்தது. கைக்கு எட்டிய உருண்டையை எடுத்து அதன்மேல் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தேன். விரல்கள் தாமாகப் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. மூன்று விரல் ஒழுங்காக உட்கார்ந்தன. ஆள்காட்டி விரல் பாதியில் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் பள்ளமே இல்லை.

இரண்டேகால் வருஷம் இது என் மேசையில் கிடந்திருக்கிறது. மூன்று மனுவும் இதை மேலே வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். என்னைப் போன்ற முட்டாளைச் சம்பளம் கொடுத்துத்தான் தேடவேண்டும்.

தொப்பியை மறந்துவிட்டு மலை ஏறினேன். சின்னக்கா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மல்லையன் பக்கத்து வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"இந்தத் தடவை பொய் இல்ல" என்று உருண்டையை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். "இது நம்ம காட்டு மண்ணுங்க. மணக்கல்லுக் களி."

"ஆமா. ஆறாவது குழி. விரல வச்சுப் பாரு."

வைத்தாள். கரியன் கை பெரிது, அவள் விரல்கள் பள்ளத்தில் லொடலொடவென்று கிடந்தன. ஆள்காட்டி விரல் பாதியில் நின்றது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவள் வாய் கோணிக்கொண்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது. ஆறு மாதம் அடக்கிவைத்த அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மல்லையன் எழுந்து வந்தான். "அவன் செத்த எடத்து மண்ணு இல்லீங்களே" என்றான், என்னிடம்.

சின்னக்காதான் பதில் சொன்னாள். "அவரு கைபுடிச்ச மண்ணு மாமா. புடிச்ச மண்ணு பிடிமண்ணு இல்லாம, வேற என்ன?"

மல்லையன் உருண்டையை வாங்கித் தன் விரலை வைத்துப் பார்த்தான். உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துவந்தான்.

ஆறாவது குழி திறந்தே கிடந்தது. முன்வாரம் பெய்த மழை அடியில் முழங்கால் அளவு தேங்கி நின்றது. அந்த மண் தண்ணீரை லேசில் குடிக்காது. சின்னக்கா கழுத்துக் கயிற்றை அவிழ்த்து உருண்டையில் சுற்றினாள். மல்லையன் கையைப் பிடித்துக்கொள்ள, அவள் கரை சரிந்திருந்த பக்கமாகக் குழிக்குள் இறங்கி ஒரு மூலைத் திட்டில், தண்ணீர் விளிம்பில் அதை வைத்தாள்.

காய்ந்த களி தண்ணீர் பட்டால் மூச்சு விடும். குமிழி குமிழியாக வந்தது. ஓரம் விரிந்து உதிர்ந்தது. குட்டை விரல் தடம்தான் முதலில் போனது, பிறகு மற்ற மூன்றும். குமிழி நிற்கிறவரை அவள் அசையவில்லை. நின்றதும், "போயிட்டாருங்க" என்று மேலே ஏறி வந்தாள். மல்லையன் முதல் மண்ணைத் தள்ளினான், இரண்டாவது நான்.

அந்த ஆடியிலேயே அவள் கொல்லையில் சாமை விதைத்தாள். என் அறைப் பக்கம் மறுபடி ஆள் நடமாட்டம் வந்தது. புரட்டாசியில் எனக்குத் தொப்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நாலு வருஷம் கெஞ்சிக் கேட்ட மாற்றல். பெட்டியைக் கட்டி முடித்துப் பார்த்தால் மேசையில் ஒன்றே ஒன்று மிச்சம். என் உருண்டை, ஐந்து விரலும் முழுசாக. தூக்கி எறியக் கை வரவில்லை. தொப்பூருக்குக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது? என் பிடிமண்ணைக் கேட்டு எந்த வாசலில் யார் வந்து நிற்கப்போகிறார்கள்?

நான் போகவேண்டிய வழி அது இல்லை, இருந்தாலும் மேலே ஏறினேன். சின்னக்கா கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். உருண்டையை நீட்டினேன்.

"இது யாருதுங்க?"

"என்னுது" என்றேன்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரல் தடத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு வீட்டு வாசலுக்கு வந்து, கூரையின் உள்பக்கம், விதைச் சாமை கட்டித் தொங்கவிட்டிருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி படாத எடத்துல வக்கறேனுங்க" என்றாள்.