மயிலெண்ணெயும் செட்டியாரின் முழங்காலும்

திருத்தணி ஜவுளிக்கடை சிங்காரம் செட்டியாருக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும், வேட்டி வாங்க வந்தவர்களெல்லாம் வைத்தியரானார்கள். முடக்கத்தான் தோசை தின்றார். எருக்கிலை ஒத்தடம் கொடுத்தார். ஒருவர் சொன்ன வேப்பெண்ணெயும் இன்னொருவர் சொன்ன உப்புப் பற்றும் ஒரே காலில் சண்டை போட்டுக்கொண்டு தோலை உரித்ததுதான் மிச்சம். அரக்கோணத்து டாக்டர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "மூட்டு தேஞ்சிருக்கு. உடம்பக் கொறைங்க, கொஞ்சம் நடங்க" என்றார். செட்டியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கால் என்ன மாட்டுவண்டி அச்சா, தேய்வதற்கு?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஆடியில்தான் ராஜகோபால் வந்து சேர்ந்தான். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரன். மலையடிவாரத்தில் மயிலிறகுகளை நட்டு, நடுவில் சீசாக்களை அடுக்கி, மயிலெண்ணெய் விற்றான். "யுத்தத்துல வெள்ளக்கார சிப்பாயிங்களே இதத்தான் தடவிகினு ஓடறானுங்க!" மூடியைத் திறந்தால் விளக்கெண்ணெய் வாசனைதான் வந்தது. செட்டியார் மோந்து பார்க்கிற நிலையில் இல்லை. தேய்த்த மறுநாளே வலி பாதி போய்விட்டது என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னார். சொன்ன வேகத்தில், கிருத்திகையன்று மலையேறப் போவதாகவும் சொல்லிவிட்டார். ராஜகோபால் அதைத் தமுக்கடித்தே பரப்பினான்.

பாதி மலையில் முழங்கால் பூட்டிக்கொண்டது. கூட வந்த மனைவி அம்சா டோலிக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். செட்டியார் ஏறி உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னாத்துக்கு முக்காடு? உங்க தொப்பைய ஊருக்குத் தெரியாதா?" என்றாள் அம்சா.

நல்லவேளை, காவடி நெரிசலில் யாரும் கவனிக்கவில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார். மேலே நின்ற கூட்டம் அரோகரா போட்டது. சாயங்காலத்துக்குள் சீசா ஒன்றுகூட மிச்சமில்லை. மறுநாள் ராஜகோபாலும் இல்லை.

அதற்குப் பிறகு செட்டியார் நொண்டவும் வழியில்லை. தெருவில் நிமிர்ந்து நடந்துவிட்டு, துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முனகினார்.

ஒருநாள் அம்மையார்குப்பத்து நெசவாளி சாமிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். தறிமிதியை மிதித்து மிதித்தே போன மூட்டு.

"செட்டியாரே, உங்களப் பாத்துதான் அந்த எண்ணெய வாங்கனேன். எனக்கு மட்டும் கேக்கலியே. நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்?"

உண்மை செட்டியாரின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாசலில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பத்தியம் இருந்தியா? புளி சேத்தியா?"

"கொழம்புல கொஞ்சம்..."

"ஆங், அதான்! மருந்து முறிஞ்சி போச்சி. நீ தின்னுட்டு மருந்து மேல பழி போடாத."

சாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "என் நாக்குதான் என்னக் கெடுத்துடுச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டு, வாசற்படியில் ஒவ்வொரு காலாக இறக்கி வைத்துப் போனார். செட்டியாருக்கு எழுந்து அவர் கையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. எழுந்தால் முனகல் வெளியே கேட்டுவிடும். உட்கார்ந்தே இருந்தார்.