எண்ணெய் பிரியவில்லை

கணவன் வீட்டில் நான் வைக்கும் முதல் மாஃபே குழம்பு அது. கலவா மீனைப் பொரித்து எடுத்துவிட்டேன். வேர்க்கடலை விழுதும் தக்காளியும் கரைத்த குழம்பு கரியடுப்பில் ஒரு மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே எண்ணெய் மட்டும் பிரிந்து வரவில்லை. எண்ணெய் மிதக்காத மாஃபேயை எங்கள் ஊரான செயிண்ட் லூயியில் எந்த மாமியாரும் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் தெருமுனைக்கே வந்துவிட்டார்கள். மறுபடியும் கரண்டியை அடிவரை விட்டுக் கிண்டினேன்.

“என்ன அண்ணி, குழம்பு வைக்கிறீங்களா, துணி துவைக்கிறீங்களா? நிமிஷத்துக்கு ஒரு தடவை கலக்குறீங்க!” என்றாள் நாத்தனார் ரமாத்தா.

“வாயை மூடிட்டுப் பெரிய தட்டைக் கழுவுடி!”

அவள் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். திமிர் பிடித்தவள்! துரத்தினேன். வேப்பமரத்தை நான்கு முறை சுற்றியும் பிடிபடவில்லை. குழம்பு அடிபிடித்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் அடுப்புக்கு ஓடி வந்தேன்.

குழம்பின் மேல் செக்கச்செவேலென்று எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த ரமாத்தா கரண்டியை நீட்டினாள்.

“இந்தாங்க அண்ணி. ஆசை தீர இன்னொரு தடவை கலக்கிக்கோங்க.”