சுவர்ப்பக்கத்து மாடுகள்

காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியே வந்து பலகையின் மேல் படுக்கிறது. சதுரமாக. மஞ்சளாக. யாரும் உழாத வயல் போல.

பலகை என்று சொல்கிறேன். உண்மையில் அது ஒரு கதவு. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. அங்கிருந்த ஜன்னல்களை ஒரு மணி நேரம் புகழ்ந்துவிட்டு, போகிற போக்கில் கதவைக் கேட்டேன். வேண்டிய பொருளை ஏறெடுத்துப் பார்க்காதே என்பது எங்கள் வீட்டுப் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நின்றால் கதவு. படுத்தால் நிலம். நான்கு கால் வைத்துப் படுக்கப் போட்டேன்.

என் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். சித்தப்பாவுக்கு மாம்பழ மண்டி. அத்தைக்கு மிளகாய் வியாபாரம். மூட்டை நடுவில் உட்கார்ந்து தும்மாமல் பேரம் பேசுவாள். நான் சந்தைக்கு எதிரே கயிற்றுக் கடை வைத்திருக்கிறேன். மூக்கணாங்கயிறு, கழுத்துமணி, கொம்புக்குக் குஞ்சம். கடைக்கு மேலே வீடு.

அந்த வீட்டுக்குத் தை மாதம் தாரணி வந்தாள். கல்யாணம் செய்துகொண்டு. எனக்கு முதலாவது, அவளுக்கு இரண்டாவது. அவள் மகள் மிருதுளா வரவில்லை.

மிருதுளாவுக்கு அப்போது ஆறு வயது ஆகப்போகிறது. ஆனைமலைப் பக்கம் அப்பிச்சி தோட்டத்தில் இருந்தாள். தாரணியின் அப்பாதான் அப்பிச்சி. அங்கே மாடு இருக்கிறது. கிணறு இருக்கிறது. வெள்ளச்சி என்று ஒரு கன்றுக்குட்டி இருக்கிறது.

இங்கே மாடிப்படி இருக்கிறது. அப்புறம் நான்.

கல்யாணத்தன்று நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் பேச மாட்டார்கள். கை மேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இத்தனை விரல் என்றால் இத்தனை. வாய் பேசினால் ஊருக்குத் தெரியும். விரல் பேசினால் இரண்டு பேருக்கு மட்டும்.

அன்று விளையாட்டாக என் கை மேல் துண்டைப் போட்டு மிருதுளாவிடம் நீட்டினேன். "அம்மிணி, என்ன வெலைக்கு என்னைச் சேத்துக்குவீங்க?"

அவள் துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் வெயில் கொஞ்சம் மங்கியது.

அதன்பின் அவள் என்னிடம் பேசியதில்லை. என்னைப் பற்றி அம்மாவிடம் பேசுவாள். "அவங்களை அந்தப் பக்கம் போகச் சொல்லும்மா." "அவங்க செருப்பு என் செருப்பு மேல கெடக்குது." தரகர் மகன் நான், ஒரு குழந்தையிடம் பேச எனக்கே தரகு தேவைப்பட்டது.

அப்பா அப்பா என்று அவள் தூக்கத்தில் சொல்வாளாம். போன மனிதனின் இடம் அது. அங்கே உட்கார எனக்கு ஆசை இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பலகை போட்டுக்கொண்டால் போதும்.

வைகாசியில் அப்பிச்சி வந்தார். கடை வாசலிலேயே நின்று முடித்துவிட்டார். "ஞாயித்துக்கெழம புள்ளைக்குப் பொறந்தநாளுங்க மாப்ளே. கூட்டியாறேன். பொழுதெறங்க காரு வரும். இருக்கறேன்னா இருக்கட்டும், இங்கயே பள்ளிக்கோடம் சேத்துருங்க. வாறேன்னா கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் ஆரும் அவள வற்புறுத்தக் கூடாது."

தாரணி அன்று பருப்பில் உப்புப் போட மறந்தாள்.  இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள்தான் கதவு வாங்கினேன்.

தோட்டத்தை மாடிக்கு ஏற்ற முடியாது. மேசைக்கு ஏற்றலாம்.

கடை திறக்குமுன் காலைகளில் வேலை. வெயில் பலகைக்கு வரும். நானும் வருவேன். தேங்காய் நார்த்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்துக் காயவைத்தேன். அது புல். கடைக் கயிற்றை வரிசையாக ஒட்டினேன். அது வரப்பு. எவர்சில்வர் தட்டு குளம். தென்னை ஈர்க்குகளைக் கட்டித் தோப்பு. மரத்துண்டில் ஒரு வீடு.

கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றிக் கல் வைத்தேன். அது கிணறு.

ஓரத்தில் தாழ்ப்பாள் கொண்டி ஒன்று கழற்ற வராமல் நிமிர்ந்து கிடந்தது. துருப்பிடித்த பிடிவாதம். போகட்டும் என்று விட்டேன்.

பிறகு மாடுகள். மரத்துண்டை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து. ஆறு வயதுக்கு ஆறு மாடு. பன்னிரண்டு கோழி. ஒரு நாய். ஒரு கன்றுக்குட்டி, வெள்ளை. தாரணி வந்து பார்த்தாள். "நாய் ஏனுங்க உங்க சித்தப்பா மாதிரியே இருக்குது?" என்றாள். உண்மைதான். பேரம் படியாத முகம்.

மேசையை மேற்குச் சுவர் ஓரமாக, ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்டிருந்தேன். கடைத் தட்டு போல. எல்லா மாடும் அறையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நின்றன. வர்ணத்தையும் அப்படியே அடித்தேன். அறைப்பக்கம் பளபளவென்று. சுவர்ப்பக்கம் வெறும் மரம்.

யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது. கூடையின் மேல்வரிசையில் பழுத்த மாம்பழம் அடுக்கிய குடும்பத்துக் கை அது. வாங்க வருகிறவர் பார்க்காத பக்கத்துக்கு எதற்கு வர்ணம்?

ஞாயிறு வந்தது. மலைப்பக்கமிருந்து சாரலும் வந்தது.

மிருதுளா படியேறி வந்தாள். தோளில் ரோஸ் நிறப் பை. உள்ளே இரண்டு கவுன், ஒரு பல்துலக்கி, போகும்போது எடுத்துப் போகத் தோதாக எல்லாம். தாரணி கழற்றப் போனாள். "வேண்டாம். இருக்கட்டும்."

பையோடு சாப்பிட்டாள். பையோடு கேக் வெட்டினாள்.

நான் மேசை மேலிருந்த போர்வையை விலக்கினேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. "வாங்க அம்மிணி, வாங்க! பொள்ளாச்சியிலயே சின்னத் தோட்டமுங்க. மாடு முட்டாது, கோழி கொத்தாது, நாய் மட்டும் கொஞ்சம் மொறைக்கும்..."

அவள் மேசையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். எங்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள்.

பிறகு குனிந்தாள். மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

அடியில் ஒரு சத்தமும் இல்லை. சாரல் சத்தம் மட்டும். கிணற்றுக்குள் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். கிணற்றிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண் மறைந்தது. அந்தப் பக்கம் தலை முளைத்தது. சுவருக்கும் மேசைக்கும் நடுவே, ஒரு சாண் இடுக்கில், பையோடு நசுங்கிக்கொண்டு. எந்த வாடிக்கையாளரும் போகாத இடம்.

"அம்மா. இந்த மாட்டுக்கு இந்தப் பக்கமே இல்ல."

தாரணி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இதென்னங்க? தோல் பத்தலீங்களா?"

"நாய்க்கும் இல்லம்மா. வீட்டுக்கும் இல்ல." குழந்தை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கன்றிடம் வந்ததும் விரல் நின்றது. "வெள்ளச்சிக்கும் இல்ல. வெள்ளச்சிக்கு இந்தப் பக்கந்தான் செவலைத் திட்டு இருக்கும். அவங்களுக்குத் தெரியாது."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. பாதி மாட்டைக் கொடுத்தவனைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது போல.

என் நாக்கு நுனியில் பன்னிரண்டு பதில் வந்து நின்றன. கடையில் ஒன்றே போதும். சுவர்ப்பக்கம் மாடு தூங்குதுங்க அம்மிணி, தூங்கினா நெறம் தெரியாது. இப்படி. எல்லாவற்றையும் விழுங்கினேன். உப்பில்லாத பருப்பை விழுங்கினது போல.

"ஆமாங்க அம்மிணி," என்றேன். "அந்தப் பக்கம் ஆரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

முதல் தடவையாக ஒரு சரக்கின் குறையை என் வாயால் சொன்னேன். அப்பா கேட்டிருந்தால் மூன்று நாள் பேசியிருக்கமாட்டார்.

மேசையின் இரண்டு காலைப் பிடித்து இழுத்தேன். கிறீச். சுவரைவிட்டு அறையின் நடுவுக்கு. கோழிகள் பன்னிரண்டும் குப்புற விழுந்தன. நாய் மட்டும் முறைத்தபடி நின்றது.

வர்ண டப்பாவைத் திறந்தேன். சுவர்ப்பக்கம் போய் முட்டி போட்டேன். முதல் மாட்டின் மறுபாதியைத் தொடங்கினேன். கழுத்து. திமில். முதுகு. யாரையும் பார்க்கவில்லை. ஒரு மாடு. இன்னொரு மாடு. சாரல் பெய்தது.

மூன்றாவது மாட்டில் பக்கத்தில் மூச்சு கேட்டது.

தோளிலிருந்து பை இறங்கியது. எங்கே வைப்பது என்று தேடினாள். கழற்ற வராத அந்தக் கொண்டியில் மாட்டினாள்.

நான் தாரணியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே கெடுத்திருப்போம்.

குழந்தை தூரிகையை எடுத்தாள். கன்றை என் முன்னால் நீட்டினாள்.

"நீங்க இதைப் புடிங்க. ஆட்டக் கூடாது."

நீங்க.

ஆட்டவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். விலாவின் மேல், வாலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு செவலைத் திட்டு வந்தது. கோணலாக. சரியாக.

மிச்ச மாடுகளையும் முடித்தபோது சாரல் விட்டது. கீழே ஹாரன் கேட்டது.

அப்பிச்சி படியேறி வந்து வாசலில் நின்றார். வேட்டி நுனியில் ஈரம். "அம்மிணி, போலாங்களா?"

 தாரணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மிருதுளா அப்பிச்சியைப் பார்த்தாள். கொண்டியில் தொங்கும் பையைப் பார்த்தாள். பிறகு என் தோளில் கிடந்த துண்டை உருவி என் கை மேல் போட்டாள். துண்டுக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. வர்ணப் பிசுக்கோடு. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தது. அழுத்தியது.

கேட்டதைக் கேட்டபடி ஒப்புக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் இது முதல் தடவை.

அப்பிச்சி சந்தை தெரிந்தவர். துண்டு விழுந்த கையின் பக்கத்தில் மூன்றாவது ஆள் நிற்கமாட்டார். அது சந்தை முறை. கொஞ்ச நேரம் துண்டையே பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"செரி. துண்டு போட்டாச்சா. அப்பறம் எனக்கென்னங்க வேல," என்று திரும்பினார். இரண்டு படி இறங்கியபின் குரல் மட்டும் வந்தது. "மாப்ளே, புள்ள வெவரமானவ. ஏமாந்துராதீங்க."

"ஏமாந்துட்டனுங்க மாமா," என்றேன்.

என்ன விலை என்று தாரணி இன்றைக்கும் கேட்கிறாள். சொல்ல மாட்டேன். துண்டுக்குள் பேசியது துண்டுக்குள்தான்.

மேற்கு ஜன்னலில் மேகம் விலகியது. சாயங்கால வெயில் வந்து மேசையின் மேல் படுத்தது. சதுரமாக. மஞ்சளாக. காலையில் அது தொடாத பக்கத்தில், ஈரம் காயாத ஆறு மாடுகள். ஒரு கன்று. அதன் விலாவில் ஒரு திட்டு.

பையின் நிழல் வயல் மேல் நீளமாக விழுந்தது. மாடுகள் அதில் படுத்து இளைப்பாறலாம் போல.