உராசே குழுவின் சம்மதம்

நொசோமி பச்சைச் சட்டையை இரண்டு கைகளிலும் ஏந்திச் சவப்பெட்டிக்குள் குனிந்தபோது, சடங்குக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் அவள் முழங்கையைத் தொட்டுத் தடுத்தாள்.

"மன்னிச்சுக்கங்க. இது செயற்கை நூல். எரியாது, உருகிடும். எலும்புல ஒட்டிக்கும்."

"கோச்சோட சட்டைங்க இது. குழுச் சட்டை."

"தெரியுதுங்க. ஆனா தகனக்கூடத்துல ஒத்துக்க மாட்டாங்க."

"இந்தச் சின்னத்தை மட்டும் வெட்டி வச்சா?"

"அது ரப்பர் அச்சுங்க."

"சரி, விசில்?"

அந்தப் பெண் தலையைத் தாழ்த்தினாள். நொசோமி சட்டையை மார்போடு மடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

சுமியே தன் கையிலிருந்த வெள்ளைச் சாமந்தியைக் கணவரின் கழுத்தருகே வைத்தாள். பூக்களுக்கு நடுவே செய்கிச்சி எந்தக் குழுவையும் சேராதவராகக் கிடந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவரை அவள் இப்படிப் பார்த்ததில்லை. உள்ளே ஒரு நிம்மதி எழுந்தது. எழுந்த கையோடு அதைக் கண்டு பயந்தாள்.

பெட்டியை மூடினார்கள்.

இரங்கல் உரை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உராசே சிறுவர் கால்பந்துக் குழுவின் பெற்றோர்கள் சார்பில் நொசோமிதான் வாசித்தாள். அவள் மகள் ஹினா அந்தக் குழுவின் கோல்கீப்பர். செய்கிச்சி ஐஸ் ஆலை வேலை முடிந்து நேரே மைதானத்துக்கு ஓடி வருவது, மழையில் கோடு அழிந்தால் தன் காலாலேயே கோடு கிழிப்பது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் அவள் தாளைத் தாழ்த்திக்கொண்டாள். மறைவதற்கு முந்தின நாள் மருத்துவமனையில் கோச்சிடம், கமினோ குழுவோடு இணைந்துவிடலாமா என்று கேட்டதாகச் சொன்னாள். கண்ணைத் திறக்காமல் அவர் ஒரே வார்த்தை சொன்னாராம். போதும். இத்தனை காலம் நாம் தனியாகத் தாங்கி நின்றது போதும், இனிப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடட்டும் என்று அவர் சம்மதம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்றாள்.

கூடத்தில் விம்மல் எழுந்தது. பின்வரிசையில் பச்சைச் சட்டைப் பிள்ளைகள் ஆறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் பெரியவர்களைப் பார்த்து அழுதார்கள். சுமியே மட்டும் அழவில்லை. அவள் நொசோமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வீட்டுக் கிண்ணம் ஒன்று வேறு யார் வீட்டு மேசையிலோ இருப்பதைப் பார்த்தவள் போல.

*

தகனக்கூடம் குன்றின் மேல் இருந்தது. உறவென்று சொல்லிக்கொள்ள ஆட்கள் குறைவு என்பதால் நொசோமியும், கமினோ குழுவை நடத்தும் குரமோச்சியும் குடும்பத்தின் வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். உலையின் இரும்புக் கதவு மூடியபின் காத்திருக்கும் அறையில் பாய் விரித்து, சுஷிப் பெட்டிகளும் தேநீரும் வைத்திருந்தார்கள். மகன் தகுமா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினான். நகோயாவிலிருந்து வந்தவன், வந்ததிலிருந்து இப்படி ஏதாவது ஊற்றிக்கொண்டோ அடுக்கிக்கொண்டோ இருந்தான்.

"அவன் உசிரோட இருந்தா, அவன் இருக்கிற ரூமுக்குள்ள என்னை விட்டிருப்பானா?" என்றார் குரமோச்சி. பள்ளியில் செய்கிச்சியோடு ஒரே வகுப்பு. "எங்க குழுவோட ஆரஞ்சு கலர்ல டை கட்டிட்டு வரலாமான்னுகூட யோசிச்சேன். அந்தக் கடுப்புலயாவது எந்திரிச்சு உட்காருவான்ல."

தகுமா சிரித்துவிட்டான். "எந்திரிச்சிருப்பார் மாமா. உங்க டையைப் பிடிச்சு இழுத்திருப்பார்."

"ஏற்கெனவே ஒரு தடவை இழுத்திருக்கான்டா. கால்பந்துச் சங்கக் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும்."

அது குழுவின் பெயருக்காக நடந்த சண்டை. முதலில் ஊரைப் பக்கத்து ஊரான கமினோவோடு சேர்த்தார்கள். உராசே என்ற பெயர் கடித உறைகளிலிருந்து உதிர்ந்தது. பிறகு பள்ளியைச் சேர்த்தார்கள். மைதானம் பூட்டப்பட்டு, சாவி செய்கிச்சியிடம் மட்டும் இருந்தது. மிச்சமிருந்தது குழு ஒன்றுதான். இணைந்தால் 'கமினோ உராசே' என்று வைக்கலாம் என்றார் குரமோச்சி. 'உராசே கமினோ' என்றால்தான் பேச்சே என்றார் செய்கிச்சி. வீட்டுக்கு வந்து சுமியேயிடம் சொன்னார்: "பின்னாடி நிக்கிற பேரு எப்பவும் உதிர்ந்துதான் போகும். ஊருக்கு நடந்ததைப் பார்த்தேல்ல? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது." அவள் அப்போது சலவை எந்திரத்திலிருந்து பயிற்சி மேலாடைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். கொடியில் பாதி இடம் மிஞ்சியது. ஒரு காலத்தில் இரண்டு கொடிகள் போதாமல் வேலியிலெல்லாம் காயப்போட்டவள் அவள். குழு தேய்வதை அவரைவிட முன்னால் அறிந்தவள் அவள்தான். ஆனால் அதை அவர் ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை.

தகுமா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"நொசோமி அக்கா. அப்பா நெஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"சொன்னாருப்பா. நான் என் காதால கேட்டேன்."

"இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. என்னை ஆறு வருஷம் மாற்று ஆளா உட்கார வச்சவரு அவரு. மகனை இறக்கினா ஊரு பேசும்னு. ஒரு தடவை முடிவு பண்ணா மாறுற ஆளா அவரு?"

"சாகப்போற நேரத்துல மனுஷன் மாறமாட்டானா?"

"எங்கப்பா மாறமாட்டார்."

நொசோமியின் கண் கலங்கியது. "நான் பொய் சொல்றேங்கிறியா?"

"அவன் அப்படிச் சொல்லலம்மா," என்று குரமோச்சி குறுக்கே வந்தார். கொஞ்ச நேரம் முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உண்மையைச் சொல்லணும்னா, நீ அதை வாசிச்சப்ப எனக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு. போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஒரு வார்த்தை பேசலை அவன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்." அவர் சுமியேயின் பக்கம் திரும்பினார். "சுமியே, நீதான பக்கத்துல இருந்தே? நீ சொல்லு. அவன் ஒத்துக்கலைன்னா, நாளைக்கே சங்கத்துக்குப் போன் போட்டு இந்தப் பேச்சே வேணாம்னுடறேன். உசிரோட இருக்கிறவனை ஏமாத்தி ஜெயிச்சிருக்கேன். பெனால்டிகூடப் பொய்யா வாங்கியிருக்கேன். செத்தவன்கிட்ட திருட மாட்டேன்."

"அப்ப எங்க பிள்ளைங்க?" நொசோமியின் குரல் உயர்ந்தது. "சின்னப் பிள்ளைங்க மேட்ச்லயே எட்டுப் பேரு இல்லாம இறங்க முடியாது, எங்ககிட்ட ஆறு. ஹினா ஆறாம் கிளாஸ், இந்த வருஷத்தோட முடிஞ்சுடும். ஞாயித்துக்கிழமை ஆனா கோல் கம்பத்துக்கு நடுவுல போய் நிக்கிறா. அவளைப் பார்த்து அடிக்கச் சரியா ஒரு ஆளில்ல. அக்கா, நீங்க பார்த்திருக்கீங்கல்ல? சொல்லுங்க. நீங்களும்தான கேட்டீங்க?"

மூன்று பேரும் சுமியேயைப் பார்த்தார்கள்.

சுமியே கேட்டாள்தான். அன்று மத்தியானம் குச்சியில் சுற்றிய பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். விழுங்குவது நின்றுபோன பிறகு தாகத்துக்கு அவ்வளவுதான் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நொசோமி கட்டிலின் கால்மாட்டில் நின்று கமினோ, பிள்ளைகள், சங்கம் என்று பேசிக்கொண்டே போனாள். செய்கிச்சி பஞ்சை ஒரு முறை சப்பினார். இரண்டாம் முறை அவள் கொண்டுபோனபோது போர்வை மேலிருந்த வலது கை ஆள்காட்டி விரல் கொஞ்சம் எழும்பியது. போதும், என்றார்.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு மேசையில் அவள் பார்லித் தேநீர் ஊற்றும்போதும், சோறு போடும்போதும், குளிர்நாளில் சாக்கே மது ஊற்றும்போதும், அந்த விரல் அப்படித்தான் எழும்பும். போதும். நன்றி என்றோ, நன்றாக இருக்கிறது என்றோ அவர் சொன்னதில்லை. மேசையில் பாதி நாள் அவர்களுக்குள் நடந்த ஒரே பேச்சு அதுதான். இளவயதில் அதற்காக அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. விரல் எழும்புவதற்கு முன்பே அவள் கை நிற்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. விடியும்போது மூச்சு நின்றது.

ஆக, அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குச் சொன்னது. தண்ணீருக்குச் சொன்னது. ஊருக்கும் குழுவுக்கும் அடுத்தவர் பிள்ளைகளுக்கும் அள்ளிக் கொடுத்தது போக, அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வீட்டு வார்த்தைதான். அதை இப்போது வாயைத் திறந்து சொன்னால் போதும்: அது தண்ணிக்குச் சொன்னது. குரமோச்சி நம்புவார். தகுமா நம்புவான். வார்த்தை அவளிடம் திரும்பி வந்துவிடும். செய்கிச்சி கடைசிவரை வளையாதவராகவே போய்ச் சேருவார். ஹினா வெறும் கம்பத்துக்கு நடுவில் நிற்பாள்.

சொல்லாவிட்டால் வார்த்தையும் குழுவுக்குப் போய்விடும்.

அவர் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். பூக்களுக்கு நடுவே கிடந்த முகம் வரவில்லை. மழையில் மைதானத்தில் வாயைப் பெரிதாகத் திறந்து கத்தும் முகம்தான் வந்தது. அந்த முகத்தின் மேல் கோபம் வந்தது. இப்போது என்ன சொல்லப்போகிறோமோ அது பிள்ளைகளுக்காகவா, இந்தக் கோபத்துக்காகவா என்று பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை.

"நொசோமி கேட்டா," என்றாள் சுமியே. "அவர் போதும்னார். நான் பக்கத்துலதான் இருந்தேன்."



"அவ்ளோதானாம்மா?" என்றான் தகுமா.

"அவ்ளோதான்."

அவன் அவளையே பார்த்தான். மேசையில் அவர்களோடு பதினெட்டு வருடம் உட்கார்ந்தவன் அவன். அந்த விரல் அவனுக்கும் தெரிந்திருக்கலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. முதலில் அவன்தான் பார்வையை விலக்கி, யாரும் கேட்காமலே குரமோச்சியின் குவளையில் தேநீர் ஊற்றினான்.

குரமோச்சி நெற்றி பாயில் படும்படி குனிந்தார். நிமிர்ந்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாவிப்பய. கடைசில விட்டுக் கொடுத்துட்டானே."

"அப்ப பேரு மாமா?" என்று தகுமா கேட்டான். "எது முன்னாடி?"

"அது... எங்க பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்ல. பேரு விஷயத்தை அப்புறமா பார்த்துக்கலாம்ப்பா." அவர் சுஷிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நொசோமி, "அக்கா, நீங்க காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல," என்று இன்னொரு பெட்டியைச் சுமியே முன்னால் திறந்து வைத்தாள். அவள் முகம் மறுபடி சிவந்தது. அது சந்தோஷத்தில் என்று சுமியேக்குத் தெரிந்தது. அதற்காக அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

*

அழைப்பு வந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். தட்டு இன்னும் வெப்பத்தை வீசிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் எல்லோருக்கும் நீளமான மூங்கில் குச்சிகளைக் கொடுத்தார். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒரே எலும்பை இரு பக்கமும் குச்சியால் பிடித்துத் தூக்கிக் கலயத்தில் இட்டார்கள். கால்மாட்டிலிருந்து தொடங்கி மேலே வந்தார்கள். நொசோமியும் குரமோச்சியும் சேர்ந்து ஒரு முழங்கால் துண்டை எடுத்தார்கள். பல மைதானங்களில் ஓடிய கால் என்று யாரோ சொன்னார்கள். எலும்புகள் மிகவும் வெளுப்பாக இருந்தன. எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

கடைசியாக ஊழியர் ஒரு சிறு துண்டைத் தனியே எடுத்து வைத்தார். கழுத்தின் எலும்பு. கைகூப்பி உட்கார்ந்த உருவம் போல இருந்தது.

"உடையாம நல்லா வந்திருக்கு," என்றார் தாழ்ந்த குரலில். "ரொம்ப நெருங்கினவங்க எடுக்கணும்."

சுமியேயும் தகுமாவும் எதிரெதிரே நின்றார்கள். இரண்டு ஜோடிக் குச்சிகளும் அதைப் பிடித்தன. அதில் எடையே இல்லை. கலயத்தின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

தகுமா தன் குச்சிகளை விலக்கிக்கொண்டான்.

கலயத்துக்குள் எதுவும் விழுந்த ஓசை கேட்கவில்லை. ஊழியர் மூடியைக் கையில் எடுத்தபடி காத்திருந்தார். சுமியேயின் குச்சிகள் இன்னும் உள்ளேயே, அந்த எலும்பை விடாமல் அழுந்தியபடி இருந்தன.

"அம்மா," என்றான் தகுமா.

ஊழியர் மூடியைப் பிடித்தபடி, மரியாதையாக, வேறு பக்கம் பார்த்தார்.